கிரேயான் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன், மச்சான்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

இங்கே உங்கள் தங்கையும் நானும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கையின் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய வண்ணம் தீட்டும் புத்தகத்தையும் இருபத்து நான்கு கிரேயான் உள்ள பெட்டியையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நல்ல மனசோடுதான் அனுப்பினீர்கள், தெரியும். பெட்டியைத் திறந்து மெழுகு வாசனையை மோந்துவிட்டு, "ஒண்ணாங் கிளாஸ் ஞாபகம் வந்திருச்சுங்க" என்று அறுபத்திரண்டு வயதில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள்தான், அடுப்பில் பால் பொங்கியதும் தெரியவில்லை, வாசல் மணி அடித்ததும் தெரியவில்லை. "நீ என்ன சின்னப் பிள்ளையா?" என்று கேட்டேன். "நீங்க பாட்டுக்குப் பேப்பரப் படிங்க" என்றாள். படித்தேன். ஆனால் கண் பேப்பரைத் தாண்டிப் போகிறதே! ஒரு மரத்துக்கு வண்ணம் அடித்திருந்தாள் பாருங்கள், இலை ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். கட்டட வரைபட அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் கோடு தாண்டாமல் வண்ணம் போட்டவன் நான். என் வீட்டிலேயே இப்படி ஓர் அத்துமீறலா? அவள் குளிக்கப் போன நேரம், ஒரே ஓர் இலையை மட்டும் சரிபண்ணலாம் என்று உட்கார்ந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு அவள் வந்து நின்றபோது மரம், வேலி, கிணறு எல்லாம் முடித்து ஆட்டுக்குட்டியில் இருந்தேன். "யாரோ சின்னப் பிள்ளையான்னு கேட்டாங்களே" என்றாள். நான் குனிந்த தலை நிமிராமல் தீட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டுக்குட்டிக்குக் காது பாக்கி இருந்தது.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, படத்தில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. நீலக் கிரேயான் ஒன்றுதான் என்பதால் அதற்கு மட்டும் தினமும் பிடுங்கல். உண்மையைச் சொன்னால் மச்சான், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் எதிரெதிரே உட்கார்ந்ததே இல்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

போன வியாழக்கிழமை வந்தது வினை. படத்தில் ஒரு வீடு, வாசலில் நாற்காலி போட்டு ஒரு கிழவனும் கிழவியும். கிழவன் அவள் பங்கு, கிழவி என் பங்கு. அவளுக்குப் பிடிக்குமே என்று ஆசையாக மஞ்சளை எடுத்துக் கிழவியின் உடை முழுக்கப் பூசினேன். பார்த்தவள் முகம் மாறிவிட்டது. எங்கள் அலுவலக வரைபடத்தில் புதிதாகக் கட்டுவது சிவப்பு, இடிக்க வேண்டியது மஞ்சள். இதைச் சாப்பிடும்போதெல்லாம் அவளுக்குப் பாடம் நடத்தியவன் நானேதான். "ஓஹோ, என்னை இடிக்கப் போறீங்களா? எப்ப ஆள் வருது?" என்றாள். சிரிப்பாள் என்று நினைத்து, "அஸ்திவாரம் பலமா இருக்கே, நாளாகும்" என்று சொல்லித் தொலைத்தேன். பெட்டி அலமாரி உச்சிக்குப் போய்விட்டது. நான்கு நாளாக என்னோடு பேச்சில்லை. "சாப்பாடு மேஜை மேல இருக்கு" என்று சுவரிடம் சொல்கிறாள். நேற்று நானே நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கி, தனியாக ஒரு பூவை ஆரம்பித்தேன். கை ஓடவில்லை. பிடுங்க ஆள் இல்லாத நீலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அழுகையே வந்துவிட்டது மச்சான்.

ஆகையால் இந்தச் சாமானை நீங்களே வைத்துக்கொண்டு, உங்கள் தங்கைக்கு ஒரு வார்த்தை எழுதிப்போடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். அவள் பழையபடி எதிரே வந்து உட்கார்ந்தால் போதும். இனி இந்த வீட்டில் கிரேயான் வாசனையே கூடாது.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், இப்போதைக்கு என்னுடையது மட்டும்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். பார்சல் கட்டக் கயிறு வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள் கடிதத்தைப் படித்துவிட்டாள். புத்தகம் மேஜையில் திறந்து கிடக்கிறது. கிழவனுக்குத் தலைமுதல் கால்வரை மஞ்சள், கோடு தாண்டி நாற்காலியெல்லாம் மஞ்சள். கீழே அவள் கையெழுத்தில், "இரண்டையும் சேர்த்தே இடிக்கவும்." கோடு தாண்டியதைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நீலத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மஞ்சள் தீர்ந்துவிட்டது, சீக்கிரம் இன்னொரு பெட்டி அனுப்பவும். அதிலும் நீலம் ஒன்றே ஒன்று இருக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்கவும்.