காது கேட்கும் சாவி

ராயபுரத்தில் அந்த வருஷம் மழை இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. தெய்வ வெளிப்பாடு மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. ஞாயிறு மாலை ஆனால் தேவப்பிரியம் உபதேசியாரின் ஜெபக்கூடத்தில் நிற்க இடம் இருக்காது. மளிகைக்கடைக்காரர்கள் வியாபாரத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்தார்கள். வேதப்புத்தகம் தானே திரும்பி ஆண்டவரின் சித்தத்தைச் சொல்கிறது என்றால் சும்மாவா?

ஏற்பாடு எளிது. யாரோ கப்பல்காரன் விட்டுப்போன, ஒரு சாண் நீள இரும்புச் சாவி. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லி அப்போஸ்தலர் பவுல் எழுதிய பக்கத்தில் அதைச் செருகி, புத்தகத்தைக் கயிற்றால் இறுகக் கட்டுவார் உபதேசியார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாவி வளையத்தில் ஒரு நாடா. அந்த நாடாவை ஆள்காட்டி விரலில் மாட்டி, புத்தகத்தைத் தொங்கவிட்டபடி கருப்பட்டிக் கடைச் செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். உபதேசியார் பெயர்களைச் சொல்வார். ஆண்டவருக்குப் பிடித்த பெயர் வந்ததும் புத்தகம் திரும்பும்.

முதலில் காணாமல் போன ஆட்டையும் கிடைக்காத மாப்பிள்ளையையும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நகரசபைத் தேர்தல் வந்ததும் ஆண்டவரையும் வார்டு அரசியலுக்கு இழுத்துவிட்டார்கள்.

"பரசுராமன்" என்பார் உபதேசியார். தேர்தலில் கஸ்பாரை எதிர்த்து நிற்கும் அச்சுக்கூடக்காரரின் பெயர் அவர் வாயிலிருந்து, ஈ விழுந்த காப்பியைக் கீழே கொட்டுவதுபோல் விழும். புத்தகம் அசையாது. "கஸ்... பார்!" என்பார் அடுத்து. கரிக்கிடங்கு முதலாளியான அந்த வேட்பாளரின் பெயருக்கு மட்டும் குரல் மணிக்கூண்டு ஏறும். புத்தகம் திரும்பும். கூட்டம் போடுகிற அல்லேலூயாவில் கூரை அதிரும். கூரை புது ஓடு. கஸ்பார் போட்டுக் கொடுத்தது.

"ஆளுகிறவனை ஏற்படுத்துகிறவர் ஆண்டவர்! அவர் ஏற்படுத்தியவனுக்கு எதிராக ஓட்டுப் போடுகிறவன் யாருக்கு விரோதி?"

எல்லோரும் குனிந்து தங்கள் கால் விரல்களைப் பார்த்துக்கொள்வார்கள். நாலு ஓட்டுக் குறைந்தால் ஆண்டவர் தோற்றுப்போவாரா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

செல்லக்கனி திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவள். புருஷன் போனபிறகு கருப்பட்டிக் கடையைத் தனியாக நடத்துகிறாள். வரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்த காலம்; அவளுக்குச் சொந்த வீடு, அதற்கு வரி, அதனால் ஓட்டும் உண்டு. அவள் கையைத் தராசைத் தவிர வேறு யாரும் கவனித்ததில்லை. "களங்கமில்லாத கை" என்று உபதேசியார் சபை நடுவே சொன்ன நாளில், அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அதன்பிறகு தெருவில் பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததற்குப் பக்தி என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மீன் விற்கிற அங்கம்மா கடை வாசலில் கூடையை இறக்கினாள். ஜெயித்தால் கடற்கரைக் குடிசைகளைப் பிரித்துவிட்டு அங்கே கரி கொட்டப்போவதாகக் கஸ்பார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கம்மாவின் குடிசையும் அதில் ஒன்று. குடிசைக்கு வரி இல்லை, அதனால் அவளுக்கு ஓட்டும் இல்லை.

"இன்னாக்கா, உங்க சாமி என் வூட்ட பிரிக்க சொல்லிச்சாமே?"

"நான் என்னட்டி செய்வேன்? புஸ்தகம்லா திரும்புது."

"புக்கு திரும்புதா, உன் வெரலு திரும்புதா?"

"வாயக் கழுவுட்டி. நான் அசைச்சா எனக்குத் தெரியாதா?"

"அத்த தான் நானும் கேக்கறேன். தெரியுமா?"

அங்கம்மா போய்விட்டாள். கேள்வி போகவில்லை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, செல்லக்கனி தன் வீட்டு வேதப்புத்தகத்தில் அதே பவுல் பக்கத்தில் உக்கிராண அறைச் சாவியைச் செருகிக் கட்டினாள். கருப்பட்டி விலை ஏறுமா என்று கேட்டாள். திரும்பியது. இறங்குமா என்று கேட்டாள். அசையவில்லை. சந்தோஷம்தான். ஆனால் ஏறவேண்டும் என்று ஆசைப்பட்டது யார்? இப்போது பிடிவாதமாக, இறங்கும், இறங்கும் என்றே நினைத்துக்கொண்டு கேட்டாள். அதற்கும் திரும்பியது.

பொய் சொன்ன ஞாபகம் அவளுக்கு இல்லை. பொய் மட்டும் நடந்திருந்தது. வெகுநேரம் கழித்துக் கயிற்றை அவிழ்த்து, சாவி செருகியிருந்த பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு. முன்வரிசை நாற்காலியில் கஸ்பார், ஏற்கெனவே ஜெயித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கதவோரம் அங்கம்மா நின்றாள். உபதேசியார் புத்தகத்தைத் தூக்கியபோது செல்லக்கனி சொன்னாள்:

"உபதேசியாரே, இன்னைக்கு என் காதுல பஞ்சு வச்சு மெழுகால அடைச்சுக்கிடுதேன். கண்ணயும் கட்டிக்கிடுதேன். பேர அங்கம்மா சொல்லட்டும்."

"எதற்கம்மா இந்தச் சோதனை?"

"என் கை களங்கமில்லாததுன்னு நீங்கதான சொன்னிய? எல்லாரும் பாக்கட்டுமே."

கூட்டத்துக்கு இது பிடித்துவிட்டது. அதிசயத்தில் புது ரகம்! உபதேசியார் கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். பாவம், அவர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

செல்லக்கனிக்கு உலகம் அணைந்தது. தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும், தூரத்துக் கடல்போல். யார் பெயரைச் சொல்கிறார்கள்? தெரியவில்லை. சந்தோஷப்படுத்த ஒரு குரல் இல்லாமல் விரல் அனாதையாக நின்றது. நேரம் போகப்போக வெட்கமாக இருந்தது. புத்தகம் திரும்பாமல் இத்தனை பேரையும் காக்கவைக்கிறோமோ? இப்போது கஸ்பார் பெயரைச் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. தோன்றியதுதான் தாமதம், புத்தகம் சுழன்றது.

பஞ்சைப் பிடுங்கினாள். அல்லேலூயா கேட்கவில்லை. கூடம் முழுக்க ஒரே சிரிப்பு.

"யாருக்குட்டி திரும்பிச்சு?"

"மீன் மார்க்கெட் சாக்கடைக்குக்கா!" அங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கஸ்பார் பேர மூணு தபா சொன்னேன். அசையல. பரசுராமன்னேன். அதுக்கும் இல்ல. வேற யார்தான் கீறாங்கன்னு சாக்கடைய சொன்னேன். பம்பரமா சுத்திச்சு!"

"அதுக்கே ஓட்டுப் போடலாம்பா! எவன் வந்தாலும் போனாலும் நம்ம வாசல்லயேதான் ஓடிகினு கீது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

உபதேசியார் கையை உயர்த்தினார். "காதை அடைத்தவளோடு ஆண்டவர் எப்படிப் பேசுவார்?"

செல்லக்கனி அவரை நேராகப் பார்த்தாள். "அப்போ இத்தன நாளா என் காதுல பேசுனது யாரு? நீங்கதான? நீங்க இழுத்துச் சொன்ன பேருக்கு என் விரலு ஆடிருக்கு. ஆண்டவர் ரெண்டு பேர்கிட்டயும் வரல."

"அதிகாரத்தை எதிர்க்காதே என்று பவுல்—"

"அந்தப் பவுலயே அதிகாரம்தான ஜெயில்ல போட்டுது? வீட்டுல கட்ட அவுத்து வாசிச்சேன் உபதேசியாரே. நீங்க சாவியால மூடி வச்சதுக்கு அடுத்தாப்புல, பிறத்தியான நேசின்னும் எழுதிருக்கு. கடற்கரையில குடியிருக்கவுக பிறத்தியார் இல்லியா?"

கஸ்பார் எழுந்து போனார். போகிறபோது கூரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கடைத்தெருப் பெண்கள் செல்லக்கனியைச் சூழ்ந்துகொண்டார்கள். "அப்போ யாருக்குப் போடணும்னு நீயே சொல்லிடுக்கா!" என்றாள் பருப்புக்கடை பூமாரி. அத்தனை முகங்களும் பழையபடி அவளையே பார்த்தன. அந்தப் பார்வை எவ்வளவு இனிப்பு என்று அவளுக்கு மறுபடியும் தெரிந்தது. அதனாலேயே பயந்துபோனாள்.

"என்னக் கேக்காதிய. குடிசைய யாரு பிரிப்பாவ, யாரு விடுவாவன்னு விசாரிச்சுப் போடுங்க. ஓட்டு உங்களுது, தலையும் உங்களுது."

கஸ்பார் தோற்றார். குடிசைகள் நின்றன. மறுவாரம் பரசுராமனின் வீட்டு வாசலில் ஒருவர் மாலையோடு நின்று, ஆளுகிறவனை ஏற்படுத்துகிறவர் ஆண்டவரே என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தேவப்பிரியம் உபதேசியார்தான். வசனம் அதேதான், ஆள்தான் வேறு. உங்கள் தெருவுக்கும் அவர் வருவார். எந்தப் புத்தகத்தோடு வந்தாலும், தொங்கவிட்டுப் பார்க்காதீர்கள். வாங்கித் திறந்து, அவர் நிறுத்துகிற இடத்துக்கு அடுத்த வரியைப் படியுங்கள்.