அமிர்தலிங்கம் வாசலை அடைந்த மாலை

ஒரு காட்டில் பாட்டெழுதிப் பாடாத பிராணியே இல்லை என்றாகிவிட்டது. பௌர்ணமிதோறும் மாலையில் எல்லோரும் கரடியாரின் தேநீர்க் கடையில் கூடுவார்கள். கடை ஒரு சின்னக் குகை. பதினெட்டு முக்காலி, ஒரு மைக், ஒரே வாசல். சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும், ஆளுக்கு ஒன்று, பெயர்களின் அகர வரிசைப்படி மேடை.

தன் பாட்டு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவது அந்தக் காட்டின் வழக்கம். இதைப் பார்த்து வருந்திய கரடியார் ஒரு படிவம் அச்சடித்தார். ‘இப்பாடலை உள்ளிருந்து முழுமையாகக் கேட்டேன்’ என்று யாராவது ஒருவர் கையெழுத்திட வேண்டும். மூன்று மாதம் படிவம் காலியாக இருந்தால் பெயர் நீக்கப்படும். அடுத்துப் பாட வேண்டியவர் எப்படியும் காத்திருப்பார். அவரே முன்னவருக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது, கடைசிப் பெயரைத் தவிர.

கடைசிப் பெயர் வேதவல்லி என்ற முள்ளம்பன்றி. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு படிவம் காலி.

மூன்றாவது மாதம் வந்தது. முதலில் அமிர்தலிங்கம் என்ற ஆமை குளத்தைப் பற்றி நான்கு வரி பாடினார். பாடிவிட்டு வழக்கம்போல வாசலை நோக்கிக் கிளம்பினார். காகம் பாடிவிட்டுப் போயிற்று. கீரி பாடிவிட்டுப் போயிற்று. தவளை பாடி, தானே அழுது, போயிற்று. பதின்மூன்றாவதாக வரதன் என்ற முயல் தன் ஸ்கூட்டரைப் பற்றிப் பாடினான். வேதவல்லி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

“தம்பி, என் பாட்டையும் கேட்டுட்டுப் போயேன். அஞ்சே நிமிஷம்.”

“உங்க பாட்டு பிரமாதமா இருக்கும்னு சொல்றாங்க அக்கா. கேட்டவங்க யாருன்னுதான் தெரியலை,” என்று வரதன் காதுகளை மடித்து ஹெல்மெட்டுக்குள் திணித்துக்கொண்டான்.

முக்காலிகள் எல்லாம் காலி. கரடியார் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். கடைக்காரர் கையெழுத்து செல்லாது என்பது அவரே போட்ட விதி.

அப்போதுதான் தரையில் ஏதோ நகர்வதை வேதவல்லி கண்டாள். அமிர்தலிங்கம். வாசலுக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது.

வரதனும் பார்த்துவிட்டான். “பெரியவரே, இன்னுமா போய்ட்டிருக்கீங்க? வண்டியில ஏறுங்க, குளத்தங்கரையில விட்டுடறேன்.”

வேதவல்லியின் முட்கள் அத்தனையும் எழுந்து நின்றன.

“வேண்டாம்ப்பா,” என்றார் ஆமை. “முயல் வண்டியில ஆமை வந்துச்சுன்னு நாளைக்குக் காடே பேசும்.”

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவள் ஆமையின் ஓட்டைப் பார்த்துப் பாடத் தொடங்கினாள்.

*எனக்கும் முதுகில்தான் விழுகிறது நிலா,*
*முள் முள்ளாய்ப் பிரிந்து.*
*எந்தத் துண்டை எடுத்து*
*யாரிடம் காட்டுவேன்?*

இரண்டாம் சரணத்தில் ஆமையின் தலை வாசலைத் தாண்டியது. அவள் பதறிப்போய் வேகமாகப் பாடினாள். தாளம் தப்பியது.

“அவசரமே இல்லைம்மா,” என்றார் ஆமை, திரும்பாமலே. “நான் மெதுவாத்தான் போறேன்.”

பாட்டு முடிந்ததும் படிவத்தோடு ஓடினாள். “கேட்டீங்களா ஐயா?”

“கேக்கணும்னு நிக்கலை. போய்க்கிட்டேதான் இருந்தேன். ஆனா முழுசாக் கேட்டேன்.”

கரடியார் டார்ச் அடித்துச் சோதித்தார். “தலை வெளியில. ஓடு உள்ளே. பெரும்பான்மை உள்ளே இருக்கறதால செல்லும்.”

கையெழுத்துப் போட ஆமைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. சும்மா நிற்பானேன் என்று வேதவல்லி இன்னொரு பாட்டுப் பாடினாள். அதற்குப் படிவம் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த பௌர்ணமிக்குக் கரடியார் அமிர்தலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தி, காட்டின் தலைசிறந்த ரசிகர் என்று அறிவித்தார். பிறகு, யாரும் பார்க்காதபோது, மேடையை வாசலிலிருந்து இன்னும் இரண்டு முழம் உள்ளே தள்ளிப் போட்டார். ஆமை அதைப் பார்த்தார். முதல் ஆளாக மேடை ஏறினார்.

நீதி: ரசனையை வளர்க்கச் சிரமப்பட வேண்டாம், வாசலைத் தள்ளி வைத்தால் போதும்.