பௌர்ணமி லீவு

வல்லரசு, வயது இருபத்தெட்டு, சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். இப்போது இருப்பது திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி, தன்னுடைய சலவைக் கடையில். கையில் எட்டு லீவு லெட்டர். எட்டிலும் ஒரே தேதி, பௌர்ணமி.

கடையில் வேலை செய்பவர்களே எட்டுப் பேர்தான்.

"என்ன தமிழ்செல்வி இது? மறுநாள் காலைல லாட்ஜுக்கு இருநூறு பெட்ஷீட் போகணும். போகலன்னா ராமகிருஷ்ணன் சார் வேற கடைக்குக் குடுத்துடுவாரு. அந்த ஒரு லாட்ஜ நம்பித்தான் கடையே நிக்குது."

"கிரிவலம் சார். வேண்டுதல்."

"எட்டுப் பேருக்குமா?"

"வேண்டுதல் இல்லாத ஆளு யாரு சார் இருக்காங்க?" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

கடையில் மூன்று பேர் இருந்தவரை வல்லரசு யாரையும் எதுவும் சொன்னதில்லை. எட்டுப் பேர் ஆனதும் பயம் வந்துவிட்டது. ஆட்களை நடத்துவது எப்படி என்று போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். பேசினால் எழுத்தாக மாறும் வசதியும் அதே போனில் இருந்தது. வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு நாளைக்கு முப்பது உத்தரவு போனது. சோப்பு எத்தனை மூடி, வாளியை எந்தப் பக்கம் வைப்பது, சிரித்தால் எவ்வளவு சத்தம்.

அன்றும் ஒன்று போனது. "உண்மையான வேண்டுதல் இருக்கிறவர்களுக்கு மட்டும் லீவு. என்ன வேண்டுதல் என்று எழுதித் தரவும்."

யாரும் எழுதவில்லை. வேன் ஓட்டும் பரசுராமன் மட்டும் நேரில் வந்தான்.

"அது சாமிகிட்ட சொல்றது சார். உங்ககிட்ட எப்படிச் சொல்ல முடியும்?"

"சரி, நீயாவது இருப்பியா?"

"சாயங்காலம் வரைக்கும் வேணா இருக்கேன். அப்புறமா நடந்து போய் அவங்களப் புடிச்சிக்கிறேன்."

ஒரு ஆள் கிடைத்ததில் வல்லரசுக்குத் தெம்பு வந்தது. ஊக்கம் கொடுத்தால் இன்னும் நாலு பேர் மனம் மாறுவார்கள் என்று அடுத்த அறிவிப்பைப் போட்டான். பௌர்ணமிக்கு வேலை செய்பவர்தான் இந்த மாதத்தின் சிறந்த ஊழியர். அவர் போட்டோ பெரிதாகக் கடை வாசலில் மாட்டப்படும்.

ஐந்தாவது நிமிஷம் பரசுராமன் ஓடி வந்தான்.

"சார், எனக்கும் லீவு வேணும்."

"ஏன்டா?"

"வாசல்ல போட்டோ மாட்டினா ஊர்ல என்ன நெனப்பாங்க? நம்ம பசங்க இப்பவே மாலைக்கு எவ்ளோன்னு கேக்கறானுங்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு சார்."

இருந்த ஒருவனும் போனான். லீவை முடிவு செய்யும் பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று தமிழ்செல்வியை சூப்பர்வைசர் ஆக்கினான். அவள் நன்றி சொல்லிவிட்டு எட்டு லெட்டரிலும் கையெழுத்துப் போட்டாள்.

"உன் லெட்டர்லயும் நீயே போட்டிருக்கியே?"

"சூப்பர்வைசர் போட்டா செல்லும்னு சொன்னீங்களே சார்?"

கடைசியாகச் சீட்டுக் குலுக்கினான். இஸ்திரி போடும் காசியின் பெயர் வந்தது. ஐம்பது வயது, வாயே திறக்காத மனிதர். அவர் பேசாமல் தலையாட்டினார். மற்ற ஏழு பேரும் கையில் இருந்த வேலையைக் கீழே போட்டுவிட்டார்கள்.

"காசிண்ணன் இல்லாம நாங்க சுத்தறதா? அவர விடலன்னா பௌர்ணமிக்கு மறுநாளும் நாங்க வரல சார்" என்றாள் தமிழ்செல்வி.

ஒருநாள் லீவு இரண்டு நாளாகப் பார்த்தது. வல்லரசு எல்லோருக்கும் லீவு கொடுத்தான்.

பௌர்ணமியன்று தனியாக இருநூறு பெட்ஷீட்டையும் துவைத்தான். மாடிக்கு ஏறி ஏறி உலர்த்தினான். சாயங்காலம் ஐந்து மணிக்கு இஸ்திரி போட்டு முடித்தது இருபத்திரண்டு. வாசலில் கிரிவல ஜனம் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. ராமகிருஷ்ணன் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். வல்லரசுக்குத் தொண்டை கட்டி, கத்தக்கூடச் சத்தம் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

கூட்டத்திலிருந்து எட்டுப் பேர் பிரிந்து, வெறுங்காலோடு கடைக்குள் வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் தண்ணீர் தெளிக்க, ஒருவர் நீட்ட, ஒருவர் தேய்க்க, ஒருவர் மடிக்க, இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பரசுராமன் மூட்டைகளை வேனில் ஏற்றிப் பூட்டினான். வல்லரசு ஒரு வார்த்தை பேசவில்லை. கடை ஆரம்பித்ததிலிருந்து வேலை இத்தனை வேகமாக நடந்து அவன் பார்த்ததில்லை.

"இன்னும் பதினோரு கிலோமீட்டர் இருக்கு. கிளம்பறோம் சார்" என்றாள் தமிழ்செல்வி.

"இரும்மா." குரல் கரகரத்தது. "உங்களப் போய் சந்தேகப்பட்டேனே. அப்படி என்னதான் வேண்டுதல்? என்னால ஆகறதுன்னா நானே செய்யறேன்."

எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க சீக்கிரமா ரெண்டாவது கடை தொறக்கணும்னுதான் சார்" என்றாள் தமிழ்செல்வி.

வல்லரசுக்குக் கண் கலங்கிவிட்டது. "எட்டுப் பேரும் எனக்காகவா நடக்கறீங்க?"

காசி முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"ஆமாங்க தம்பி, தொறந்த அன்னைக்கே நீங்க அங்க போய் உக்காந்துடணும், இந்தப் பக்கமே வரக்கூடாது, நீங்களும் எங்களோட சேந்து கொஞ்சம் வேண்டிக்கோங்க."