சிக்ருன் வீட்டு மூன்று படிகள்

“இதைவிட லேசா, வெளியே தெரியாத மாதிரி ஒண்ணு இல்லையாம்மா?” என்று ஆர்விட் மறுபடியும் கேட்டார்.

கடை மேசைமேல் பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற முள்பட்டைகள் குவிந்து கிடந்தன. சங்கிலி வைத்தது கனம். சுருள்கம்பி வைத்தது முன்பக்கமே பல்லைக் காட்டியது. வெளியே மழை பெய்து உறைந்து, தெரு கண்ணாடியாகக் கிடந்தது.

மேட்டுத்தெருவில் தனியாக இருக்கும் விதவை சிக்ருன் அவரை வாஃபிள் சாப்பிட வரச்சொல்லியிருந்தார். பாட்டுக் குழுவில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை நாள் வாய் திறக்காத ஆர்விட், சேர்ந்து வாழலாமா என்று இன்று கேட்டுவிடுவதாக இருந்தார். ஒரே சிக்கல், வயது அறுபது என்று சொல்லி வைத்திருந்தார். உண்மையில் எழுபதை நெருங்குகிறார். முள்பட்டையோ, அந்த ஊர் நகராட்சி வயசானவர்களுக்கு இலவசமாகத் தருகிற சாமான். மாட்டினால் கழுத்தில் பலகை தொங்கவிட்ட மாதிரிதான்.

“இது எடையே இருக்காது பெரியவரே, குதிகால்ல மட்டும்தான் முள்ளு” என்று கடைப்பெண் மெல்லிய ரப்பர் ஒன்றை நீட்டினாள். ‘பெரியவரே’ குத்தினாலும் வாங்கிக்கொண்டார்.

வழுக்கவில்லை. ஆனால் அடிக்கு அடி ‘டக் டக்’ என்று தெருவே கேட்டது. சத்தத்தை அடக்க, பையிலிருந்த கம்பளிக் காலுறையை பூட்ஸுக்கு மேலேயே இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது. முள்ளில் கம்பளி சிக்கி, பனி ஒட்டி, இரண்டு கால்களும் பூசணிக்காய்களாயின. இப்போது எண்பது வயது நடை.

சிக்ருன் வீட்டு வாசலுக்கு வந்து காலுறையைப் பிய்த்தெடுத்து எறிந்தபோது, எதிர்வீட்டில் பனி அள்ளிக்கொண்டிருந்த கேத்தில் நிமிர்ந்து பார்த்தான்.

“முள்பட்டையா ஆர்விட்?”

“சேச்சே. பூட்ஸ் ஆணி லூஸு.”

சிக்ருன் ஜன்னலில் நின்று கையசைத்தார். அவ்வளவுதான். ஆர்விட் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டுகிற பாவனையில் இரண்டு பட்டைகளையும் கழற்றி கோட்டுப் பைக்குள் திணித்தார். மீதி மூன்று படிதானே, வாலிபன் மாதிரி ஏறிவிடலாம்.

இரண்டாவது படியில் கால்கள் ஆகாயம் பார்த்தன. ஆர்விட் கீழே வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து பறந்த முள்பட்டை மட்டும் ஒழுங்காகப் படியேறிப் போய் வாசல் மிதியடியில் விழுந்தது. சிக்ருன் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரைச்சீலையை இழுத்து மூடினார்.

கேத்தில் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். வழுக்காமலிருக்க ஊரே வாசலில் பொடிஜல்லி தூவுகிறது, இந்தம்மாவுக்கு மட்டும் அந்த அக்கறை கிடையாதா என்று ஆர்விட் முனகினார்.

“தினமும் தூவுவாங்கப்பா. புருஷன் முள்பட்டை போடமாட்டேன்னு வீம்பு பண்ணி விழுந்துதான் செத்துப்போனாரு. அதனால எவனாவது வாஃபிள் சாப்பிட வர்ற அன்னிக்கு மட்டும், ஜல்லியப் பெருக்கித் தள்ளிட்டு படியில தண்ணி ஊத்தி வெப்பாங்க.”