சீனப் பத்து போட்டுக்கிட்டு துக்க வீட்டுக்குப் போன கதை

போன மாசம் ஒரு நாள். எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கருங்கல் ஊர்ல ஒரு எளவு வீட்டுக்குப் போவணும். சவப்பெட்டிக்கிட்ட மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு கொஞ்ச நேரம் நிக்கணும். ஒரு சாயாவக் குடிச்சுட்டு திருவட்டாறுக்குத் திரும்பி வரணும்.

இதுல குளறுபடி ஆவ என்ன இருக்கு?

என் இடுப்பு இருந்துது மக்கா.

செத்துப்போனது என் வீட்டுக்காரி ஷீலாவோட பெரியப்பா. நல்ல மனுஷன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா பக்கத்து வீட்டுக்காரன் மேல மதில் கேஸ், எதுத்த வீட்டுக்காரன் மேல தென்னை ஓலை கேஸ், சர்ச் கமிட்டி மேல மைக் செட் கேஸ்னு வாழ்ந்தவரு. எங்க கல்யாணத்துக்கே வரல்ல.

அதுனாலதான் நான் கண்டிப்பா போவணுமாம்.

"நீங்க வரல்லன்னா, மனசுல வச்சிருந்து பழி வாங்கிட்டான்னு எங்க குடும்பம் பூரா பேசும். நடக்க முடியல்லன்னா தவந்தாவது வாங்க"ன்னுட்டா ஷீலா.

நடக்கத்தான் முடியல்ல. இடுப்புல ஒரே பிடிப்பு, வீக்கம், வேதனை. டாக்டரு ஒரு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்தாரு. அதச் செய்யணும்னா ஒரு மனுஷன் தெனமும் குனியணும், நிமிரணும். நமக்குச் சரிப்படாது.

நம்ம மாவட்டத்துல வைத்தியருக்கா பஞ்சம்? தெருவுக்கு ஒரு ஆசான் இருக்காரு. ஆனா அவங்க மருந்துல தமிழ்ல பேரு போட்டிருக்கும். வாசிக்க முடியுற மருந்து மேல எனக்கு மரியாதையே வராது!

அதுனால சிங்கப்பூர்ல இருக்குற மச்சினன்ட்ட சொல்லி சீன மூலிகை வரவழைச்சேன். வேரும் பட்டையும் இடிச்ச தூளு. கூடவே ஒரு சின்னப் பையில கல்கண்டு மாதிரி வெள்ளையா என்னவோ. மேல டிராகன் படம். எழுத்து பூரா சீனம்.

போன்ல மொழிபெயர்க்கிற ஆப்பத் தொறந்து காட்டினேன். அது சொல்லிச்சு:

"காற்று எலும்பில் குடியேறியுள்ளது. துரத்துக. சிறிய பை, பெரிய மரியாதை."

"பெரிய மரியாதைன்னா என்னங்க?"ன்னா ஷீலா.

"நெறைய போடணும்னு அர்த்தம் பிள்ளே."

"பாத்து மரியாதையாப் போடுன்னும் இருக்கலாமே! ஒரு நுள்ளு போட்டுப் பாருங்க."

"ஏட்டி, சீனாக்காரன் அம்மாம்பெரிய மதில் கட்டினானே, நுள்ளு நுள்ளாவா கட்டினான்?"

பை முழுசையும் தட்டினேன். இளஞ்சூட்டு வெள்ளத்துல கொழச்சேன். ஷீலா நெடி தாங்காம மூக்கப் பொத்திக்கிட்டே இடுப்புல அப்பி, பழைய வேட்டியக் கிழிச்சுக் கட்டிவிட்டா. மேல வெள்ளைச் சட்டை.

மொதல்ல ஜில்லுனு இருந்துது. ஆகா! சீனாக்காரன் சீனாக்காரன்தான்!

பஸ்ஸுல கூட்டம். ஷீலாவுக்கு லேடீஸ் சீட்டு கெடச்சுது. எனக்கு வேர்த்துது. ஜில்லு போய் சூடு வந்துது. பக்கத்து சீட்டுக்காரரு கர்ச்சீப்ப எடுத்து கண்ணத் தொடச்சாரு.

"அண்ணாச்சி, துட்டி வீட்டுக்கா?"

"ஆமா."

"எனக்கும் மனசு என்னவோ போல இருக்கு"ன்னு எந்திரிச்சு முன்னால போய் நின்னுக்கிட்டாரு.

எவ்வளவு நல்ல மனசுன்னு நெனச்சேன். நான் ஒரு மர மண்டை!

எளவு வீட்டுல ஒரு பொட்டு கண்ணீர் இல்ல. மூத்த மவன் ஜோஸ் துபாய்ல இருந்து வந்தவன், திரும்பிப் போற டிக்கெட்டப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கான். இளையவன் பந்தல்காரன்ட்ட சண்டை. மாமிமாரு எல்லாம் போனு நோண்டிக்கிட்டு இருக்காவ. பெரியம்மா மட்டும் பெட்டியோட தலைமாட்டுல தனியா இருந்து அந்தக் கூட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தா.

நான் நொண்டிக்கிட்டு வந்தத ஜோஸ் பாத்துட்டான்.

"அத்தானுக்கு வேர்க்குது, ஃபேன் பக்கத்துல சேர் போடு!"

போட்டாவ. ஆளு ஒசரத்துல ஒரு ஸ்டாண்டு ஃபேன், சரியா என் முதுகுக்குப் பின்னால. இடமும் வலமும் தலைய ஆட்டுற ஜாதி.

ஃபேன் இடது பக்கம் திரும்பிச்சு. மாமிமாரு மூக்க உறிஞ்சினாவ.

வலது பக்கம் திரும்பிச்சு. ஜோஸ் டிக்கெட் பேச்ச பாதியில நிறுத்திட்டு கண்ணக் கசக்கினான்.

திரும்பவும் இடது. மாமிமாரு போன வச்சுட்டு முந்தானைய எடுத்தாவ. ஒருத்தி கண்ணத் தொடச்சா மத்தவ சும்மா இருப்பாளா? "எங்கள விட்டுட்டுப் போய்ட்டியளே!"ன்னு ஒரு குரல் கெளம்பிச்சு.

ஃபேன் போற பக்கமெல்லாம் அழுகை! மதில் கேஸ் பக்கத்து வீட்டுக்காரன், அவனே தேம்புறான்!

ஷீலாவுக்குத்தான் மொதல்ல வெளங்கிச்சு. செவந்த கண்ணோட என் காதுல, "எல்லாம் உங்க பத்துதான்! எந்திரிங்க!"

"முடியல்ல பிள்ளே, இடுப்பு பிடிச்சுக்கிட்டு!"

"அப்ப ஃபேனயாவது நிறுத்தச் சொல்லுங்க!"

சொன்னேன். ஒரு புண்ணியவான் நிறுத்தினான். ஃபேன இல்ல, அது தலைய ஆட்டுறத! இப்ப மொத்தக் காத்தும் நேரா என் முதுகத் தாண்டி பெட்டிப் பக்கம்.

அந்நேரம் பாத்து ஃபாதர் ஜெபத்துக்கு வந்து நின்னாரு. "எத்தனையோ அடக்கம் பாத்திருக்கேன், இப்பிடி ஒரு அன்ப..."ன்னவரு பைபிள மூடிட்டு கண்ணத் தொடச்சாரு.

எனக்கோ முதுகுல அடுப்பு எரியுது!

"ஐயோ, எரியுதே! என்னால தாங்க முடியல்லியே!"

"மருமவனுக்கு வயிறு எரியுதுல! பிடிங்கல!" ரெண்டு பேரு வந்து கட்டிப் பிடிச்சானுவ. "தாங்கிக்கணும் அத்தான்."

"விடுங்கல! வெள்ளம்! வெள்ளம்!"

ஒருத்தன் டம்ளர்ல குடிக்கத் தண்ணி கொண்டு வந்தான். பிடுங்கி முதுகுல ஊத்தினேன். கூட்டம் உச்சுக் கொட்டிச்சு. துக்கத்துல புத்தி பெரண்டுட்டாம்!

எப்பிடி எந்திரிச்சேன்னு தெரியாது. பொறவாசல் பைப்புக்கு ஓடினேன். கட்ட அவுத்தெறிஞ்சு, முதுகுல ஒட்டியிருந்த சீனாவ மொத்தமாக் கழுவி விட்டேன்.

திரும்பினா பெரியம்மா நிக்கா. என் கையப் பிடிச்சா.

"மக்களே, அவருக்காவ அழ ஒருத்தரும் இருக்கமாட்டாவன்னு ராத்திரி பூரா பயந்துக்கிட்டு இருந்தேன். பிள்ளியகூட அழல்ல. நீ வந்தபெறகுதான்..."

சொல்லும்போதே அவ கண்ணு நெறஞ்சுட்டு. அங்க ஃபேனும் இல்ல, மருந்தும் இல்ல.

எனக்கு என்னவோ போல ஆயிட்டு. உள்ளதச் சொல்லிருவோம்னு வாயத் தொறந்தேன். பின்னாலயே ஓடி வந்திருந்த ஷீலா என் கால மிதிச்சா. மூடிக்கிட்டேன்.

மறுநாள் டாக்டரு என் முதுகப் பாத்துட்டு, "என்ன ஓய், வெந்நியில விழுந்தீரா?"ன்னாரு.

"பத்து போட்டேன் டாக்டர்."

"இடுப்பு வேதனை எப்பிடி இருக்கு?"

"அது அங்கயேதான் இருக்கு. கொப்புளத்துக்குக் கீழ."

இப்ப தெனமும் குனியுறேன், நிமிருறேன். வேதனையும் கொறஞ்சு வருது. வெளிய சொல்லத்தான் வெக்கமா இருக்கு.

நேத்து பெரியம்மா போன் பண்ணினா. "நாளைக்கு முப்பதாம் நாள் ஜெபம் மக்களே. நீ வராம இருந்திராத. நீ இருந்தாத்தான் பிள்ளியளுக்கு அழுகை வரும்."

போவணும். இந்தத் தடவ வெங்காயம் போதும்னுட்டா ஷீலா.