போனியா நைனாவின் வயிறு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் தொழிலாளியின் வயிற்றைப் பற்றி உண்மையாகக் கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் மெஸ் சமையல்காரர்தான். கம்பெனிக்காரர்கள் எங்கள் வயிற்றில் அடிப்பதோடு சரி. இவர் அது காலியானதா என்று விசாரிப்பார்.

காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று பதறிக்கொண்டு தட்டோடு போய் நின்றால், கரண்டியை நிறுத்திவிட்டு அத்தனை பேர் முன்னாலும் கேட்பார்: "இன்னா நைனா, போனியா?" போகவில்லை என்றால் இட்லி கிடையாது, ஒரு லோட்டா வெந்நீர்தான். பொய் சொல்லியும் தப்பிக்க முடியாது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை எங்கள் வார்ப்பட ஆலையின் மேனேஜர், டை எல்லாம் கட்டிக்கொண்டு, சாப்பாட்டின் தரத்தைச் சோதிக்க வந்தார். அவரிடமும் அதே கேள்வி. மேனேஜர் இங்கிலீஷில் குதித்தார். கடைசியில் வெந்நீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

அவருக்குப் போனியா நைனா என்று நாங்கள்தான் பெயர் வைத்தோம். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. மெஸ்ஸின் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும், அவ்வளவுதான் அவருடைய வீடு.

அப்படிப்பட்டவருக்கே ஒருநாள் எல்லாம் நின்றுபோனது. வாயு என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு கோலி சோடா குடித்தார். வயிறு உப்பியது, வலி விட்டுவிட்டு முறுக்கியது. அடுத்து விளக்கெண்ணெயை டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டார். பச்சை பச்சையாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், ஊருக்கே வயிறு பார்க்கிறவனுக்கு டாக்டரா என்று சாம்பாரைக் கிண்டிக்கொண்டே கேட்டார். கேட்டபடியே அடுப்படியில் சாய்ந்தார். ஷேர் ஆட்டோவில் அள்ளிப்போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எப்போதோ செய்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனின் தழும்பு உள்ளே ஒட்டிக்கொண்டு குடலை இறுக்கிவிட்டது என்றார். மலமும் காற்றும் போகாமல், வயிறு வீங்கி வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஓடி வரவேண்டும், பேதி மருந்தைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து என்று கடிந்துகொண்டார். விளக்கெண்ணெய் யார் கொடுத்தது என்று கேட்டபோது நைனா சுவரைப் பார்த்தார்.

நடுவயிற்றைத் திறந்து, கறுத்துப்போயிருந்த குடல் துண்டை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். மூக்கில் ஒரு குழாய், மூத்திரத்துக்கு ஒரு குழாய், கையில் டிரிப். மறுநாளே நர்ஸம்மா எழுப்பி நடக்கவைத்தார். நைனா தெலுங்கில் திட்டிக்கொண்டே நடந்தார். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பச்சைத்தண்ணீர்கூடக் கிடையாது. குடல் விழித்துக்கொண்டதற்கு அடையாளமாகக் காற்றுப் பிரிய வேண்டுமாம்.

தினமும் காலையில் டாக்டரம்மா வந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்பார்: "காத்து பிரிஞ்சுதாங்கய்யா?"

நாற்பது பேர் முன்னால் எங்களை அவமானப்படுத்திய மனிதர் வாயே திறக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் கஞ்சி குடிப்பதைப் பார்த்து எச்சில் விழுங்கினார். குடல் ஏன் இன்னும் வேலை செய்யவில்லை, மறுபடி ஸ்கேன் எடுக்கலாமா என்று டாக்டரம்மாவே கவலைப்பட ஆரம்பித்தார். நான் நைனாவின் காதருகே குனிந்து, "போனியா நைனா?" என்றேன்.

கண் கலங்கிவிட்டார். "நேத்தே பிரிஞ்சிச்சிபா. டாக்டரம்மா என் பொண்ணு வயசுப் பொண்ணு. அதாண்ட எப்டி சொல்றது?"

ஓடிப்போய் நான் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். கரண்டியில் தண்ணீர், பிறகு கஞ்சித் தெளிவு என்று மெல்ல மெல்லக் கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், வயிறு வீங்கினாலோ வாந்தி வந்தாலோ உடனே வரவேண்டும், சில மாதங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். நைனாவுக்கு ஒரே கவலை, எப்போது அடுப்படிக்குத் திரும்பலாம் என்பதுதான்.

மெஸ் முதலாளி அதற்கு முடிவு கட்டிவைத்திருந்தான். "அண்டா தூக்காத சமையல்காரன் எனக்கு எதுக்குபா?" என்றான். ஷிப்டுக்குப் போகுமுன் நாங்களே இறக்கித் தருகிறோம் என்று கெஞ்சினோம். அதற்குள் புது ஆள் வந்தாயிற்று, டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்தாயிற்று. இத்தனை வருஷம் அவனுக்காக அந்த அடுப்பில் வெந்த மனிதர், பெட்டியைக்கூடத் தானே தூக்க முடியாமல் நின்றார். எழுதும்போது இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புது ஆள் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நீட்டிய தட்டில் போட்டுவிட்டு அடுத்த தட்டைப் பார்க்கிறார்.

நைனா இப்போது ஆரம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே மகளே சமைத்துவிடுகிறாள்; அவர் சமைத்துப்போடவும் ஆளில்லை, வயிற்றை விசாரிக்கவும் ஆளில்லை. தினமும் காலையில் எனக்குப் போன் செய்து அந்த ஒரே கேள்வியைக் கேட்கிறார். என் பதில் வரும்வரை கிழவர் கஞ்சியைத் தொடுவதில்லை என்று மகள் சொன்னாள். அதனால், என் வயிறு எப்படிக் கிடந்தாலும், "போய்ட்டேன் நைனா, நீ சாப்புடு" என்று சொல்லிவிடுகிறேன்.