ஆறு மணிக்கு விரல் வைக்கும் குடும்பம்

காலத்தை வென்றவர்கள் என்று உலகத்தில் யாராவது உண்டென்றால், அது எங்கள் அழகு நிலையத்தார்தான். தவம் செய்தவர்கள் முயன்று பார்த்துவிட்டுப் போனார்கள். விஞ்ஞானிகள் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். நாங்கள் சத்தம் போடாமல் காரியத்தை முடித்துவிட்டோம். எங்கள் நிலையத்தில் தினமும் மாலை ஆறு மணிக்குக் காலம் நின்றுவிடும். அதற்குமேல் அங்கே என்ன நடந்தாலும் அது நேரக் கணக்கில் சேராது.

'எங்கள்' நிலையம் என்று நான் உரிமை கொண்டாடுவதற்குக் காரணம் உண்டு. அதன் முதலாளி என் உடன்பிறந்த அக்கா. நான் மேனேஜர். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதும், போகிறவர்கள் கையில் பில்லைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பதும் என் பொறுப்பு. இந்தப் பதவிக்கு வேண்டிய தகுதி, அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்திருக்க வேண்டும் என்பதுதான். போட்டியில் என்னைத் தவிர யாரும் இல்லை.

அக்கா சட்டத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். வேலை நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை என்று கண்ணாடிக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள். வாசலையொட்டி விரல் வைக்கும் மெஷின் ஒன்றும் உண்டு. ஆறு ஆனதும் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாக வந்து விரல் வைப்பார்கள். மெஷின் ஒவ்வொருவருக்கும் "நன்றி" சொல்லும். நான் ஷட்டரைப் பாதிக்கு இறக்குவேன். பிறகு அவர்கள் அப்படியே திரும்பி நடந்து, பாதியில் விட்ட தலையையும் காலையும் தொடர்ந்து கவனிப்பார்கள்.

அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது மெஷினின் சாட்சியம். மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. முதுகுப் பக்கம் கண் இல்லை, அவ்வளவுதான்.

ஆறு மணிக்குமேல் நடப்பதற்கு அக்கா 'குடும்ப நேரம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று அவள் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். நிஜமான குடும்பம் நான் ஒருவன்தான் என்பதால், எனக்கு மட்டும் இந்தக் குடும்ப நேரம் கட்டாயமில்லை. நான் ஷட்டரை இறக்கியதும் கிளம்பிவிடுவேன்.

இந்தப் பொற்காலத்தில்தான் நூலு விவகாரம் முளைத்தது.

நூலு என்பவள் எங்கள் நிலையத்தில் புருவம் திருத்துகிறவள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் வாடிக்கையாளர்கள் முதல் வாசலில் வண்டி நிறுத்துகிறவர் வரை எல்லோருக்கும் அவள் நூலுதான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை விரல்களில் முறுக்கி அவள் இழுத்தால், எப்பேர்ப்பட்ட காடும் கோடாகிவிடும். வேலை செய்கிற நேரம் முழுக்க வாயில் நூல் இருப்பதால் எதிர்த்துப் பேச முடியாது. அழகுக் கலையின் எல்லாப் பிரிவுகளிலும் அக்காவுக்கு மிகவும் பிடித்த பிரிவு இதுதான்.

அப்படிப்பட்ட நூலு, ஊழியர் நலக் கூட்டத்தில் வாயைத் திறந்துவிட்டாள்.

ஊழியர்கள் ஓய்வில்லாமல் வாடுகிறார்கள், அவர்களுக்கு ஓய்வின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக அக்கா கூட்டிய கூட்டம் அது. எல்லோரும் விரல் வைத்த பிறகு தொடங்கியது. வர முடியாதவர்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. அன்றைக்கு நானும் ஒரு ஓரமாக நின்று, தேவைப்பட்ட இடங்களில் கை தட்டினேன்.

"ஓய்வு முக்கியம்மா. உடம்பைப் பார்த்துக்கணும். சீக்கிரம் தூங்கணும்" என்று அக்கா நெடுநேரம் பேசினாள். பாதம் பார்க்கிற பெண் நின்றபடியே கண்ணயர்ந்து, ஓய்வின் அருமையைச் செய்முறையில் விளக்கினாள். நின்றபடிதான் தூங்க முடியும். ஸ்டூல்களை எல்லாம் அக்கா எப்போதோ எடுத்துவிட்டாள். நிற்பது இடுப்புக்கு அழகு.

பக்கத்திலிருந்தவள் இடித்ததும் அவள் விழித்துக்கொண்டு, வந்தது வரட்டும் என்று கேட்டுவிட்டாள். "மேடம், ஆறு மணிக்கு மேல பாக்குற வேலைக்கு ஏதாவது..."

"வேலைன்னு சொல்லாதேம்மா, காது கூசுது. ஆறு மணிக்கு மேல இங்க யாரும் வேலை பாக்கறதில்ல. மனசைக் கொடுக்கறோம்."

"சரிங்க மேடம். அந்த மனசுக்கு ஏதாவது போட்டுக் கொடுத்தீங்கன்னா..."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "உங்க வீட்டுல பாத்திரம் தேய்ச்சா உங்கம்மாகிட்ட சம்பளம் கேப்பியா?"

"கேக்க மாட்டேன் மேடம். ஆனா எங்கம்மா நடுவுல உட்காரச் சொல்லுவாங்க."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் படுத்துக்கொண்டது. அப்போதுதான் நூலு முன்னால் வந்தாள்.

"மேடம், எனக்குக் காசெல்லாம் வேண்டாம். ஆறு மணிக்கு விட்டாப் போதும். பாப்பாவை விடுற காப்பகத்துல கடைசியா சொல்லிட்டாங்க. இனி ஒரு நாள் லேட்டா வந்தாலும் வேற இடம் பாத்துக்கோன்னு. அவங்களும் மனுஷங்கதானே, எனக்காக எவ்வளவு நேரம் கதவைத் திறந்து வச்சிருப்பாங்க? அந்த இடம் போச்சுன்னா பாப்பாவைப் பாத்துக்க யாரும் இல்ல. நான் வேலைக்கே வர முடியாது."

அக்கா அவள் தோளில் பரிவோடு கை வைத்தாள். "நான் விடலைன்னு யார் சொன்னா? தினமும் ஆறு மணிக்கு நீ வீட்டுக்குப் போயிட்டேன்னு மெஷினே சொல்லுதே?"

"மெஷின் சொல்லுது மேடம். நான் போகலையே."

"அது உன் அன்பு. உன் அன்புதான் உன்னைப் பிடிச்சு வச்சிருக்கு. அதைத் தடுக்க நான் யாரு?"

நூலு கையிலிருந்த நூலைச் சுற்றி வைத்தாள். எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நூலுவின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால், நல்ல மேனேஜர் செய்ய வேண்டியதைச் செய்தேன். கை தட்டினேன்.

மறுநாள் மதியத்துக்கு மேல் தொழிலாளர் நல ஆய்வாளர் அம்மா வந்து சேர்ந்தார். வருஷா வருஷம் வருகிறவர்தான். வரும்போது ஒரு முகம், போகும்போது ஒரு முகம். எங்கள் நிலையத்தை அவர் எந்த அளவுக்கு ஆழ்ந்து ஆராய்கிறார் என்பது போகும் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அக்கா அவரை மெத்தை நாற்காலியில் சாய்த்தாள். கால் வெந்நீரில் இறங்கியது. தலையை ஒருத்தி பிடித்துவிட்டாள். இரண்டு கண்களின்மேலும் இரண்டு வெள்ளரித் துண்டுகள் வைக்கப்பட்டன. ஆய்வு தொடங்கியது. ஆய்வாளர் அம்மா கேட்க, அக்கா சொல்ல, நான் எழுதினேன்.

"ஊழியர்கள் உட்கார வசதி இருக்கா?"

"நீங்க உட்கார்ந்திருக்கறதே இங்க உள்ள நாற்காலிதானே மேடம்."

"ரொம்ப வசதியாத்தான் இருக்கு. இருக்குன்னு எழுதுங்க தம்பி. ஓய்வறை?"

"உண்டு மேடம்."

உண்டுதான். துண்டு காயப் போடுகிற சந்து. துண்டுகள் அங்கே நாள் முழுக்க ஓய்வெடுக்கின்றன.

"கூடுதல் நேர வேலை?"

"அப்படின்னா என்ன மேடம்?"

"சந்தோஷம். 'அறவே இல்லை'ன்னு போடுங்க தம்பி. ஏம்மா, அந்த இடது குதிகாலை இன்னும் கொஞ்சம் தேயேன்."

ஒரு கண்ணிலிருந்து மட்டும் வெள்ளரித் துண்டை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்டவர் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். "அப்படியே இந்தப் புருவத்தையும் லேசா..." என்று இழுத்தார்.

மணி ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் அம்மாவின் புருவங்கள் லேசில் முடிகிற ரகமில்லை. நூலு சுவர்க் கடிகாரத்தை ஒரு முறை பார்த்தாள், அக்காவை ஒரு முறை பார்த்தாள், நூலைக் கடித்தாள். புருவம் திருத்தும்போது தோல் சுருங்காமல் இருக்க, திருத்திக்கொள்கிறவரே கண்ணை மூடி, ஒரு கையால் இமையையும் ஒரு கையால் நெற்றியையும் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அரசாங்கமே அப்படி இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. இடது புருவம் வில்லாக வளைந்து முடிந்தது. "இந்தப் பக்கம் பிடிச்சுக்கோங்கம்மா" என்று நூலு சொல்ல, ஆய்வாளர் அம்மா வலது பக்கத்தை இழுத்துப் பிடித்தார்.

கடிகாரம் அடித்தது.

அக்காவுக்கு அந்த நேரத்தில் ஒரு பெருமிதம் வந்துவிட்டது. தன் நிலையத்தின் ஒழுங்கை அரசாங்கத்தின் காதிலாவது போட்டுவைக்க ஆசை. "மேடம், மணி ஆறு! இதோ எல்லாரும் விரல் வைக்கறாங்க. அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் இங்க யாரும் இருக்கக் கூடாது. இருந்தா நானே விரட்டிவிடுவேன்!" என்றாள் உரத்த குரலில். நூலு பக்கம் திரும்பி, "என்னம்மா நின்னுட்டிருக்கே? கிளம்பு, கிளம்பு!" என்று கையையும் வீசினாள். பழக்கத்தில் சொன்னதுதான். விரலை வைத்துவிட்டுத் திரும்பி வா என்று அதற்கு அர்த்தம். இத்தனை நாளாக அது எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது.

நூலு வாயிலிருந்து நூலை எடுத்தாள். "போகட்டுமா மேடம்?"

"போம்மா! சட்டம்னா சட்டம்!"

நூலு போய் விரல் வைத்தாள். மெஷின் நன்றி சொன்னது. நான் என் கடமையைச் செய்து ஷட்டரைப் பாதிக்கு இறக்கினேன். திரும்பி நடக்க வேண்டிய இடத்தில் அவள் குனிந்தாள். ஷட்டருக்கு வெளியே அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அதுவும் தெரியவில்லை. ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

வரிசையில் அடுத்து நின்ற பாதம் பார்க்கிற பெண் அக்காவைப் பார்த்தாள். அக்கா கண்ணாலேயே 'உள்ளே வா' என்றாள். வாயால் சொல்ல வழியில்லை, பக்கத்தில் அரசாங்கம் இருந்தது. அந்தப் பெண் கண் ஜாடையைப் புரிந்துகொள்ளாதவளாக விரலை வைத்தாள், குனிந்தாள், போனாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள். மெஷின் விடாமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது உண்மையைச் சொன்னது.

ஆய்வாளர் அம்மா கண்ணை மூடி, வலது இமையை இழுத்துப் பிடித்தபடியே இருந்தார். "ஏம்மா நிறுத்திட்டே?" என்றார். யாரும் பதில் சொல்லாததால் கண்ணைத் திறந்தார். எதிரே கண்ணாடி. ஒரு புருவம் நடனக்காரியுடையது. மற்றது காவல்காரருடையது.

"எங்கே அவ?" என்று அவர் போட்ட சத்தத்தில் வெந்நீர்த் தொட்டி ஆடியது.

"மணி ஆறாயிடுச்சு மேடம்" என்றேன், பணிவாக.

"ஆனா என்ன? இப்படியே நான் எப்படித் தெருவுல இறங்குறது? நீங்களாவது பண்ணி விடுங்கம்மா!"

அக்கா நூலை எடுத்தாள். "தொட்டு வருஷக்கணக்காச்சு மேடம். கண்ணுல பட்டுடுமோன்னு பயமா இருக்கு" என்று கீழே வைத்துவிட்டாள். ஒரு பெரிய அழகு நிலையத்தில் முதலாளி, மேனேஜர், அரசாங்கம் எல்லோரும் இருந்தோம். புருவம் திருத்தத்தான் ஆள் இல்லை.

"போன் போடுங்க அவளுக்கு!" என்றார் ஆய்வாளர் அம்மா.

போட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். நூலு மூச்சிரைக்க எடுத்தாள். பின்னால் குழந்தைகள் கத்துகிற சத்தம்.

"நூலு, ஒரு பத்து நிமிஷம் வந்துட்டுப் போயேன்."

"வேலை நேரம் முடிஞ்சிடுச்சே சார். ஆபீசர் அம்மா கோவிச்சுப்பாங்க."

"நான் ஆபீசர்தான் பேசறேன். கோவிச்சுக்க மாட்டேன். வா!"

"அம்மா, அதுக்குப் பேரு கூடுதல் நேர வேலைங்கம்மா. அது எங்க கடையில அறவே இல்லைன்னு இப்பத்தானே எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க?"

ஆய்வாளர் அம்மாவின் இரண்டு புருவங்களும் உயர்ந்தன. ஒன்று மட்டும் அழகாக உயர்ந்தது. அதற்குள் போனில் ஒரு சின்னக் குரல் குறுக்கே வந்தது.

"அம்மா, ஏன் வெளிச்சமா இருக்கும்போதே வந்துட்டே? உன்னை வேலைய விட்டு அனுப்பிட்டாங்களா?"

"இல்லடா கண்ணு. இன்னைக்குச் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு" என்ற நூலு போனை வைத்துவிட்டாள். நான் மேஜையில் இல்லாத பில் ஒன்றைத் தேடினேன். அக்காகூடத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உறுதியோடு இருந்தவர் ஆய்வாளர் அம்மா ஒருவர்தான். பொதுக் கடமையில் இருப்பவர்கள் உணர்ச்சிவசப்படக் கூடாது. கைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "பாதியில விட்டுட்டுப் போறவளை எல்லாம் எப்படிம்மா வேலைக்கு வச்சிருக்கீங்க? நேரமாச்சுன்னா உடனே கிளம்பிடறதா? நாளைக்கு அவ உள்ள வரக் கூடாது. வந்தா அடுத்த ஆய்வு வேற மாதிரி இருக்கும்" என்றார்.

அக்கா சட்டத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் என்று முன்பே சொன்னேன். தலையாட்டினாள். மறுநாள் காலை ஷட்டருக்கு வெளியே நின்றே நூலுவிடம் விஷயத்தைச் சொல்கிற பொறுப்பு எனக்கு வாய்த்தது. அவள் அழவில்லை. "காப்பகத்துல இடம் போகல சார்" என்றாள். "இனிமே அது எதுக்குன்னுதான் தெரியல."

ஆனாலும் ஆய்வாளர் அம்மாவின் கூர்மையான பார்வையை நான் எங்கே வேண்டுமானாலும் புகழ்வேன். இத்தனை வருஷமாக எங்கள் நிலையத்தைச் சல்லடை போட்டுச் சலித்தும் அவருக்கு ஒரு சட்டமீறல்கூடக் கிடைக்கவில்லை. அன்று மாலைதான் முதல் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டாள். ஆறு மணிக்கு வேலை முடிந்து, ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தாள்.